புள்ளி சிதறுகிறது

ஜூலை 1, செவ்வாய்

தலைமையகத்திலிருந்து பார்சல் வந்துவிட்டது. பிஸ்டல் குழலுக்கு அடியில் மாட்டுகிற லைட்டு, அதோடு லேசர், இரண்டும் ஒரே டப்பாவுக்குள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் தட்டினால் வெள்ளை வெளிச்சம், இன்னொரு பக்கம் தட்டினால் குண்டு விழப்போகிற இடத்தில் சிவப்புப் புள்ளி. நான்கு அனுப்பியிருக்கிறார்கள். “துப்பாக்கி சுடும் ரேஞ்சுப் பொறுப்பு இன்ஸ்பெக்டர் சண்முகவடிவு சோதித்து, படைக்கு ஏற்றதா என அறிக்கை தர வேண்டும்” என்று என் பெயரையே போட்டுக் கடிதம். இந்த மாதம் தேர் பந்தோபஸ்து இருக்கிறது, வருடாந்திர மருத்துவப் பரிசோதனை இருக்கிறது, நடுவில் இது வேறு. ஊரில் யாருக்கும் இல்லாத வேலை எனக்குத்தான் வந்து சேரும்.

பிரித்ததுமே கழுத்தறுப்பு தொடங்கிவிட்டது. இதை மாட்டக் குழலுக்கு அடியில் பள்ளம் வேண்டும். நம் ஆயுதக் கிடங்கில் இருக்கிற பழைய பிஸ்டல் எதிலும் பள்ளம் கிடையாது. புதுசாக வந்ததில் மட்டும்தான். சரி என்று அதில் மாட்டினால் உறைக்குள் போகமாட்டேன் என்கிறது. லைட்டு வாங்கத் திட்டம் போட்ட புண்ணியவானுக்கு, பிஸ்டலை இடுப்பில் வைக்க ஒரு உறை வேண்டும் என்று தோன்றவில்லை. கையிலேயே தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போகச் சொல்வார் போல.

ஏட்டு லூர்து மட்டும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். போன வருஷம் ஒரு குடோனுக்குள் நுழையும்போது அவன் இடது கையில் டார்ச், வலது கையில் பிஸ்டல். கதவைத் திறக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிய நேரம் பார்த்து ஒருவன் வலது முன்கையில் அரிவாளை இறக்கிவிட்டான். இரண்டு விரல் இன்னும் மடங்காது. அதிரடிப் பிரிவிலிருந்து எடுத்து என்னிடம் கிடங்கு வேலைக்குப் போட்டுவிட்டார்கள்.

“அன்னைக்கு இது இருந்திருந்தா, மேடம்” என்றான். 

ஜூலை 2, புதன்

பஸ் ஸ்டாண்டில் பேக் தைக்கிறவரிடம் உறையைக் கொடுத்து அடிப்பக்கத்தைப் பிரித்து அகலமாகத் தைத்து வாங்கினோம். “உள்ள என்னத்த வைக்கப் போறீங்க?” என்று கேட்டாராம். லூர்து “கேமரா” என்றானாம். அரசாங்கச் சொத்து, ஊதா நூலில் தையல். கறுப்பு நூல் தீர்ந்துவிட்டதாம்.

ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரருக்கு மூன்று தடவை கல் கடிபட்டது. “அரிசி பொறுக்கினியா, வடிவு?” என்கிறார். பொறுக்காமலா போட்டேன்? ரேஷன் கடையில் அளக்கும்போதே கல்லை எண்ணிப் போடுகிறான்கள்.

ஜூலை 4, வெள்ளி

ரேஞ்சுக்குள் ஷட்டரை இறக்கி இருட்டாக்கிக்கொண்டு லேசரைச் செட் பண்ண உட்கார்ந்தோம். பதினைந்து மீட்டர்.

என்ன சொல்ல. புள்ளி என்றால் புள்ளியாக இருக்க வேண்டும். இது ஒரு பக்கமாக வால் விடுகிறது. வாலுக்கு நுனியில் வெளிறிப்போய் இன்னொரு புள்ளி. இரண்டாவது டப்பாவை மாட்டினேன், அதே வால். மூன்றாவது, நான்காவது, எல்லாம் அதே திசையில் அதே வால். நான்கையும் ஒரே கோட்டிக்காரன் உட்கார்ந்து செய்திருப்பான்.

சப்-இன்ஸ்பெக்டர் நம்பிராஜனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“எனக்கு நல்லாத்தான் தெரியுது, மேடம்.”

“உனக்கு என்னைக்கு எது நல்லாத் தெரியாம இருந்திருக்கு?”

அவன் போய்விட்டான். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. இந்த ரேஞ்சு மேல் அவனுக்கு ஒரு கண் என்பது எனக்குத் தெரியாதா? பதினொரு வருஷமாகச் சாவி என் இடுப்பில். மாநிலப் போட்டியில் இரண்டு முறை தங்கம் வாங்கினவள். மருத்துவப் பரிசோதனையில் ஏதாவது ஒன்று இடறினால் கேன்டீன் பொறுப்பு தருவார்கள், சோப்பும் சர்க்கரையும் விற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். என் பிணம்தான் கேன்டீனுக்குப் போகும்.

வால், நுனி எல்லாம் சேர்த்து நடு எதுவோ அதைக் கணக்குப் பண்ணி, நானே சுட்டுச் சுட்டு நான்கையும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். லேசரை நகர்த்துகிற ஸ்க்ரூ தலையில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தேன். ரேஞ்சில் அதுதான் வழக்கம். பொறுப்பாளர் செட் பண்ணிப் பாலிஷ் வைத்துவிட்டால் அப்புறம் எவனும் தொடக்கூடாது. தொட்டால் பாலிஷ் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நெயில் பாலிஷ் நான் வாங்குவது இதற்கு மட்டும்தான்.

ஜூலை 6, ஞாயிறு

முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறியிருக்கிறது என்று இவர் சொன்னார். போய்ப் பார்த்தேன், ஒன்றையும் காணோம். வெறும் மரத்தைக் காட்டிப் பூச்சி என்கிறார். துணி எடுக்கப் போனபோது கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. துணியில் இருந்திருக்கிறது.

சாயங்காலம் நாத்தனார் வீட்டிலிருந்து திரும்பும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். தென்காசி ரோட்டில் எதிரே வருகிற ஒருத்தன் பாக்கியில்லாமல் ஹை பீம். கண்ணுக்கு நேராகப் பூ விரிந்த மாதிரி வெளிச்சம், நடுவில் லாரியா பஸ்ஸா ஒன்றும் தெரியாது. பாதி வழியில் இவர் “நான் ஓட்டுதேன், இறங்கு” என்றார். கேட்டால் கால் மரத்துவிட்டதாம், ஓட்டினால் சரியாகுமாம். பொய் சொல்லக்கூடத் தெரியாத மனுஷன்.

ஜூலை 8, செவ்வாய்

தேர் பந்தோபஸ்து. விடியற்காலம் தொடங்கி நின்று கால் வீங்கிவிட்டது. ரத வீதி முழுக்க சீரியல் பல்பு. இந்த வருஷம் கான்ட்ராக்ட் எடுத்தவன் மட்டமான சரக்கைப் போட்டிருக்கிறான். எல்லாம் கலங்கிப்போய் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கிறது. பக்கத்தில் நின்ற பெண் காவலர் “எவ்வளவு அழகா இருக்கு, மேடம்” என்றாள். சின்னப் பிள்ளை, எதைப் பார்த்தாலும் அழகு.

ஜூலை 9, புதன்

தண்ணீர்ச் சோதனை, விழுந்தால் உடைகிறதா என்ற சோதனை. பக்கெட்டில் அரைமணி நேரம் ஊறப்போட வேண்டும். ஊறப்போட்ட பக்கெட்டை எவனோ தூக்கிக்கொண்டு போய்த் துடைப்பத்தை நனைத்துவிட்டான். டப்பா துடைப்பத்துக்குள் சிக்கிக்கொண்டு வராந்தா முழுக்க லைட்டு அடித்துக்கொண்டே போயிருக்கிறது. ஆனாலும் கெடவில்லை. அதை எழுத வேண்டியதுதான், நியாயம் நியாயம்.

கீழே போடுகிற வேலை லூர்துக்கு. வலது கையில் பிடித்துச் சரியாக விட முடியவில்லை, மடங்காத விரலில் தட்டிக் கோணலாகப் போகிறது. இடது கைக்கு மாற்றிக்கொண்டு போட்டான். ஒவ்வொரு தடவையும் எடுத்து எரிகிறதா என்று பார்த்து, எரிந்ததும் என் முகத்தைப் பார்ப்பான்.

“பாஸாகிரும்லா, மேடம்?”

“புள்ளி சரியில்ல, லூர்து. லைட்டு எரிஞ்சா மட்டும் போதுமா?”

அவன் டப்பாவைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஜூலை 10, வியாழன்

சுட்டுப் பார்த்தோம். நான், நம்பிராஜன், அவன் பிரிவிலிருந்து இரண்டு காவலர்கள். நான் பாலிஷ் வைத்த அதே நான்கு டப்பா.

நான் சுட்டதெல்லாம் நடுவில். மற்ற மூன்று பேரும் சுட்டது கீழே, இடது பக்கம். ஒருத்தன் பாக்கியில்லாமல் அங்கேயே போய் விழுகிறது. ட்ரிக்கரை அழுத்தாமல் வெடுக்கென்று இழுத்தால் அப்படித்தான் போகும், நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்த பாடம். மூன்று பேரையும் நிறுத்தி வைத்து விட்டேன் ஒரு பாட்டு.

நம்பிராஜன் மெதுவாக, “புள்ளி நடுவுல இருக்கும்போதுதான் அழுத்தினேன், மேடம். மூணு பேருக்கும் ஒரே இடத்துல போகுதுன்னா செட்டிங்கையும் ஒரு தடவை பாத்துருவோமே” என்றான்.

“பாலிஷ் உடைஞ்சிருக்கா?”

“இல்ல, மேடம்.”

“அப்ப வாய மூடு. அதே டப்பாவுல நான் சுட்டது எங்க விழுந்திருக்கு, பாரு.”

பார்த்தான். 

ஜூலை 11, வெள்ளி

இன்றைக்கு லைட்டுச் சோதனை. இருட்டில் ஆளுயரப் படம் இரண்டு தொங்கும். ஒருவன் கையில் கத்தி, இன்னொருவன் கையில் தண்ணீர் பாட்டில். இரண்டும் ஒரே ஆள் போட்டோதான். லைட்டை அடித்ததும் யார் கையில் என்ன என்று பார்த்துக் கத்திக்காரனை மட்டும் சுட வேண்டும். எந்தப் பக்கம் எது என்று முன்கூட்டித் தெரியாது, லூர்து மாற்றி மாற்றி மாட்டுவான். இந்த லைட்டு வாங்குவதே இதற்குத்தான்.

மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மாட்டிய தாள் பளபளப்புத் தாள். வெளிச்சம் பட்டதும் அப்படியே திருப்பி என் கண்ணில் அடித்துவிட்டது. கையில் நீளமாக ஒன்று மின்னியது. நெஞ்சில் ஐந்து. ஷட்டரைத் தூக்கிப் பார்த்தால் பாட்டில்காரன்.

 அப்புறம் லூர்துதான், “லைட்டு கூசியிருக்கும், மேடம்” என்றான். ஆமாம், அதைத்தானே நானும் சொல்கிறேன். பளபளப்புத் தாளில் அச்சடித்தால் கூசாமல் என்ன செய்யும்? அச்சகத்துக்காரனை நாளைக்குக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்க வேண்டும்.

தாளின் அடியில் ‘சுட்டவர்’ என்று ஒரு கோடு இருக்கும், கையெழுத்துப் போட வேண்டும். நம்பிராஜன் பேனாவை நீட்டினான். செல்லாத தாளில் எதற்குக் கையெழுத்து என்று சுருட்டிப் பரணில் போடச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்றைக்கு வீட்டில் சண்டை. இவர் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். கடையிலிருந்து ஒரு பல்பைக் கொண்டுவந்து “இதுல எத்தனை வாட்ஸ்னு போட்டிருக்கு, படி” என்றார். எழுத்து அழிந்துபோன பழைய பல்பு. அப்படியே சொன்னேன். இடது கண்ணைப் பொத்தச் சொல்கிறார், வலது கண்ணைப் பொத்தச் சொல்கிறார். நான் என்ன ஒன்றாம் வகுப்புப் பிள்ளையா?

“கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம், வடிவு.”

“பதினெட்டாம் தேதி டிபார்ட்மென்ட் டாக்டரே பாக்கப் போறாரு. அதுக்குள்ள எதுக்கு?”

“அதுக்குள்ள போகத்தான் சொல்லுதேன்.”

கோபத்தில் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூலை 14, திங்கள்

டி.எஸ்.பி. கூப்பிட்டார். வியாழக்கிழமை விடிந்ததும் பழைய ரைஸ் மில் ஒன்றில் சோதனை. கஞ்சா மூட்டை இருக்கிறது, ஆயுதம் வைத்த ஆட்களும் இருக்கலாம் என்று தகவல். ஜன்னலெல்லாம் பலகை அடித்திருக்கிறது, பகலிலும் உள்ளே கும்மிருட்டு.

“முதல்ல நீங்க போங்கம்மா. நம்மகிட்ட உங்கள விட்டாச் சுடுறதுக்கு யாரு இருக்கா? அந்த லைட்ட மாட்டிட்டே போங்க, அந்த அனுபவத்தையும் சேர்த்து அறிக்கையை முடிச்சிரலாம்” என்றார்.

“அந்த லைட்டு தேறாது, சார். புள்ளி சிதறுது. நான் வேண்டாம்னுதான் எழுதப் போறேன்.”

“அப்படின்னா எழுதிருங்க. உங்க கையெழுத்துதான், அதுக்கு மேல நான் என்ன சொல்ல?”

கிடங்குக்கு வந்து எழுதினேன். “புள்ளி சிதறுகிறது. ஒருவருக்குச் சரியாகவும் மற்றவர்களுக்குத் தவறாகவும் அடிக்கிறது. படைக்குப் பரிந்துரைக்க இயலாது.” தட்டச்சுக்குக் கொண்டுபோக எடுத்த லூர்து நின்றபடியே படித்தான். அவனுக்கு அந்த உரிமை இல்லை, ஆனால் பிடுங்கவும் எனக்கு மனசு வரவில்லை.

“இத நீங்க அனுப்பிட்டா, நாளைக்கும் பயலுக கக்கத்துல டார்ச்ச இடுக்கிட்டுத்தான் போவானுவ, மேடம்.”

“அதுக்காகப் பொய் எழுதச் சொல்லுதியா?”

“பொய் எழுதச் சொல்லல. டப்பாவுல தப்புன்னா டப்பாவுல காட்டுங்க. கையில பிடிக்காம வச்சுக் காட்டுங்க. நான் ஒத்துக்கிடுதேன்.”

மடங்காத இரண்டு விரலும் தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சரி, நாளைக்குக் காட்டுகிறேன் என்றேன். புதுசாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் வருஷா வருஷம் நடத்துகிற பாடம்தான். எல்லோர் முன்னாலும் காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது.

ஜூலை 15, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிஸ்டலில் மேகசினைக் கழற்றி, நானும் நம்பிராஜனும் தனித்தனியாகக் குழலைப் பார்த்து, குண்டு இல்லை என்று காட்டுகிற மஞ்சள் அடைப்பானைச் சொருகினோம். பிறகு பிஸ்டலை மேசை மேல் இடுக்கியில் முடுக்கினோம். இனி அது ஆடாது. பதினைந்து மீட்டரில் பலகை, அதில் வெள்ளைத் தாள். தாளுக்குப் பக்கவாட்டில் லூர்து, கையில் நீளக் குச்சி, குச்சி நுனியில் கறுப்புத் தகரவட்டு, வட்டின் நடுவில் ஊசி நுழைகிற ஓட்டை. லேசரை எரியவிட்டு, சுடுகிறவர் நிற்கிற எல்லையில் ஒருவர் உட்கார வேண்டும். மேலே, கீழே, இடது, வலது என்று சொல்லச் சொல்ல லூர்து வட்டை நகர்த்துவான். புள்ளி வட்டுக்கு நடுவில் வந்ததும் “நில்” என்றால் லேசரை அணைப்போம், அவன் ஓட்டை வழியாக ஊசியால் ஒரு குத்து. ஒவ்வொருவருக்கும் மூன்று குத்து. துப்பாக்கி ஆடாதபோதும் குத்து ஆளுக்கு ஓரிடத்தில் விழுந்தால் புள்ளி சிதறுகிறது என்று அர்த்தம். அதுதான் என் வாதம்.

முதலில் நான் உட்கார்ந்தேன். வாலும் நுனியும் தெரிந்தன. நடுவைக் கணக்குப் பண்ணி நிறுத்தினேன். மூன்று தடவை. பிறகு நம்பிராஜன், பிறகு இரண்டு காவலர்கள். கடைசியில் லூர்து தானும் பார்க்கிறேன் என்றான், வட்டை நம்பிராஜனிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். யாரும் யாருடையதையும் பார்க்கக்கூடாது என்று நான்தான் கண்டிஷன் போட்டேன். குத்துக்குப் பக்கத்தில் பெயரைப் பென்சிலால் எழுதச் சொன்னதும் நான்தான்.

ஷட்டரைத் தூக்கினோம். நான் முன்னால் நடந்துபோனேன், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

நான்கு பேருடைய குத்தும் ஒரே இடத்தில். தனித்தனியாகப் பெயர் எழுத இடம் பற்றாமல் கோடு இழுத்து எழுதியிருந்தது. அங்கிருந்து இரண்டு விரல் தள்ளி, கீழே, இடது பக்கம், என் மூன்று குத்து. மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டி. அவ்வளவு ஒழுங்கு.

லேசரை எரியவிடு என்றேன். நம்பிராஜன் போய்த் தட்டினான். தாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கிட்டத்தில் வால் இல்லை. புள்ளி அவர்கள் குத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

திரும்பி எல்லைக்கு வந்தேன். வலது கண்ணை மூடினேன். புள்ளி ஒன்றே ஒன்று, சுத்தமாக, குங்குமம் வைத்த மாதிரி. திறந்தேன், வால் வந்தது. மூடினேன், போய்விட்டது. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

நான்கு டப்பாவையும் என் கண்ணின் கோளாறுக்குத்தான் செட் பண்ணியிருக்கிறேன். அந்தப் பயல் செட்டிங்கைப் பார்ப்போம் என்று அன்றைக்கே சொன்னான். வாயை மூடு என்றேன்.

பரணில் சுருட்டிப் போட்ட தாள் ஞாபகம் வந்தது. மில்லுக்குள் முதலில் போக வேண்டியது நான் என்பதும் ஞாபகம் வந்தது.  எனக்குப் பயமாக இருந்தது. எழுதினால் என்ன, இருந்தது.

ஜூலை 16, புதன்

டி.எஸ்.பி.யிடம் போய் நாளைக்கு நான் வரவில்லை என்றேன். காய்ச்சலா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், வாய் வரை வந்தது. “வலது கண்ணு சரியில்ல, சார். பாட்டிலும் கத்தியும் வித்தியாசம் தெரியல” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பரிசோதனை நாளன்னைக்குத்தானேம்மா. மில் சோதனைய முடிச்சிட்டு அதுக்கப்புறம்...” என்று இழுத்தார். நல்ல மனுஷன், எனக்காகத்தான் இழுத்தார். “அதுக்கப்புறம்னா லேட்டாயிரும், சார்” என்றேன்.

ரேஞ்சுச் சாவியை நம்பிராஜனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றான். ஏதாவது ஆறுதல் சொல்லித் தொலைத்துவிடுவானோ என்று பயந்து, “பாலிஷைச் சுரண்டு. நாலையும் உன் கண்ணுக்கு மறுபடி செட் பண்ணு. சாயங்காலத்துக்குள்ள எல்லாரையும் சுட வச்சுப் பாரு” என்று விரட்டிவிட்டேன். முந்தாநாள் எழுதிய அறிக்கையைக் கிழித்தேன். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். இவரிடம் “நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி திறந்ததும் போவோம்” என்றேன்.  வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவர எழுந்து போய்விட்டார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்திருக்கிறது, காற்று மண்ணை வாரி அடிக்கிறது.

கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் நம் நம்பிராஜனை விடச் சின்னவர். எதிரே வருகிற லைட்டு கூசுமா, ஒன்று இரண்டாகத் தெரியுமா, பூப்பூவாக விரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இவரே “ஆமா, ஆமா” என்று பதில் சொல்கிறார். கண் யாருக்கு என்று டாக்டருக்கே குழப்பமாகிவிட்டது. வலது கண்ணில் புரை, பாவைக்கு நேர் நடுவில். ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார். மறுபடி சுட முடியுமா என்று கேட்டேன். கண் ஆறட்டும், பார்வையை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். பொய்யாகவாவது முடியும் என்று சொல்லியிருக்கலாம்.

கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்திருந்தபோது இவர் போன் அடித்தது. நம்பிராஜன். மில் முடிந்தது, ஒருத்தருக்கும் காயமில்லை, மூட்டை கிடைத்தது, நான்கு பேர் பிடிபட்டார்கள் என்றான். நான் போனை வைக்கப் போனேன்.

“மேடம், ஒரு நிமிஷம்” என்றான். “பின் ரூம்ல ஒரு ஆளு. கதவத் தள்ளுனதும் கைய ஓங்கிட்டு நின்னாரு. கையில நீளமா ஒண்ணு மின்னுச்சு. லைட்ட அடிச்சுப் பாத்தேன். கரண்டி. அந்தப் பயலுகளுக்குச் சோறு பொங்கிப் போட வந்த சமையக்காரரு. வெலவெலத்துப் போயி நின்னாரு, மேடம். வயசானவரு.”

சரி என்றேன்.  மருந்து விட்ட கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இவர் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். மருந்து அப்படித்தான் செய்யும் என்று நர்ஸ் முதலிலேயே சொல்லியிருந்தாள்.

ஜூலை 19, சனி

நேற்றைக்குப் பரிசோதனை. எதிர்பார்த்ததுதான். ஆயுதம் தொடாத வேலை, மறு உத்தரவு வரை.

அறிக்கையைப் புதுசாக எழுதி அனுப்பினேன். லைட்டு நன்று, லேசர் நன்று, உறை வேறு வாங்க வேண்டும், லேசரை ஒரே ஆள் கண்ணால் செட் பண்ணிச் சீல் வைக்கக்கூடாது, குறைந்தது இரண்டு பேர் பார்க்க வேண்டும். முதலில் செட் பண்ணியது ஏன் தவறியது என்ற இடத்தில் “சோதித்த அதிகாரியின் வலது கண்ணில் புரை” என்று போட்டேன். லூர்து படித்தான். இந்தத் தடவையும் உரிமை இல்லாமல்தான்.

“இந்த வரி வேணுமா, மேடம்?”

“அது இல்லாட்டி டப்பா மேல பழி விழும். கொண்டுபோய்க் கொடு.”

ஜூலை 24, வியாழன்

ஆபரேஷன் ஆயிற்று. ஒரு கண்ணால் எழுதுகிறேன், கோடு மேலே கீழே போகிறது. இவர் சமையல். சாப்பிட முடியவில்லை.

ஜூலை 31, வியாழன்

வீடா இது? மின்விசிறி இறக்கையில் விரல் கனத்துக்கு அழுக்கு. அடுப்புக்குப் பின்னால் சுவரெல்லாம் எண்ணெய். இத்தனை நாளும் இதற்குள்தான் சமைத்திருக்கிறேன், ஒரு மனுஷன் வாயைத் திறந்து சொல்லவில்லை. கேட்டால் “சொன்னா நீ கேட்டுக்கிடவா போற?” என்கிறார். முருங்கையில் கம்பளிப்பூச்சி அடை அடையாக இருக்கிறது. அரிசியை முறத்தில் கொட்டினேன், கல் பொறுக்கப் பொறுக்க வருகிறது. பாவம், அவர் பல்.

மத்தியானம் ரேஞ்சுக்குப் போனேன். ஆயுதம் தொடக்கூடாது என்றுதானே உத்தரவு, தாளைத் தொடக்கூடாது என்று இல்லையே. நம்பிராஜனிடம் பரணில் கிடக்கிற அந்தச் சுருளை எடுக்கச் சொன்னேன்.

“அது இப்ப எதுக்கு, மேடம்? குப்பையில போட்டிருப்பாங்க.”

“போட்டிருக்க மாட்ட. எடு.”

எடுத்துவந்து மேசை மேல் விரித்தான். நான்கு முனையிலும் லூர்து கைக்குக் கிடைத்ததை வைத்தான்.

தாளில் பளபளப்பே இல்லை. சொரசொரப்பான மட்டமான தாள், தடவிப் பார்த்தேன். மீசை வைத்த ஆள், சட்டையில் ஒரு பட்டன் போடவில்லை. கையில் பாட்டில். பாட்டிலின் நீல மூடி தெரிகிறது, உள்ளே பாதித் தண்ணீர் இருப்பது தெரிகிறது. குடிக்கப் போகிறவன் மாதிரி லேசாகத் தூக்கிப் பிடித்திருக்கிறான். நெஞ்சில் ஐந்து ஓட்டை. ஒரு ரூபாய்க் காசை வைத்தால் ஐந்தும் மறைந்துவிடும். இந்த வருஷம் நான் சுட்டதில் குண்டுகள் இவ்வளவு நெருங்கி விழுந்த நல்ல குரூப் இதுதான்.

இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நம்பிராஜனிடம் பேனா கேட்டேன். அடியில் ‘சுட்டவர்’ என்ற கோடு காலியாக இருந்தது. அதில் என் பெயரை முழுசாக எழுதினேன்.

சாவி தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில், உள்ளே வருகிறவன் பார்க்காமல் போக முடியாத இடத்தில் ஒட்டச் சொன்னேன். லூர்து கோணலாக ஒட்டினான். இப்போது எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. பிரித்து மறுபடி ஒட்டச் சொன்னேன்.